ஆப்பிள் மியூசிக் ஹை-ரெஸ்: மஞ்சள் விளக்கு எரிந்தால் போதுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ், அதாவது சுருக்கினாலும் தகவல் இழக்காத ஒலி, நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். அதற்கும் மேலே இருக்கும் ஹை-ரெஸ் லாஸ்லெஸுக்கு மட்டும் தனியாகக் காசு கேட்டால் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். நல்லவேளை, அவர்களும் கேட்பதில்லை. மாதம் நூறு ரூபாயைச் சுற்றி இருக்கும் அதே சந்தாவிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. அப்படியானால் எதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று கேட்டால், இந்த ஹை-ரெஸ் மோகத்தில் ஆட்கள் வாங்கிக் குவிக்கும் டாங்கிள் (போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் குட்டிக் கருவி), கேபிள், ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) எல்லாவற்றின் விலையும் சந்தாவைப் போல நூறு ரூபாய் இல்லை என்பதால்தான். நானும் வாங்கியிருக்கிறேன். சிலது உருப்படி, சிலது மேஜை டிராயரில் தூங்குகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். இந்த அளவு வைத்தால் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை அப்படியே மீட்டு எடுக்கலாம், மனிதக் காதுக்கு 20க்கு மேல் கேட்காது, நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு 15க்கு மேலேயே சந்தேகம்தான். ஆப்பிள் 2021 ஜூன் மாதம் லாஸ்லெஸைக் கொண்டுவந்தபோது இரண்டு படிகளாக வைத்தது: சிடி தரத்திலிருந்து 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பது லாஸ்லெஸ், அதற்கு மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போவது ஹை-ரெஸ் லாஸ்லெஸ். இரண்டுமே அவர்களுடைய ஏஎல்ஏசி வடிவத்தில் வருகின்றன. சுருக்கினாலும் ஒரு துளி தகவல் போகாது, ஜிப் கோப்பு மாதிரி. இதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொண்டிருந்தது 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 256 கிலோபிட்) ஏஏசி வடிவம், அதில் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுச் சிலவற்றைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏஏசிக்கும் லாஸ்லெஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விற்கிறவனே இவ்வளவு நேர்மையாகச் சொல்வது அபூர்வம்.

மற்ற சேவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைடல், கோபஸ் இரண்டுக்கும் ஆடியோ பிரியர்கள் வட்டத்தில் பெரிய பெயர். ஆனால் நான் இதை எழுதும் இந்த நேரம் வரை இரண்டுமே இந்தியாவில் முறைப்படி கடை திறக்கவில்லை, வெளிநாட்டுக் கணக்கு வைத்துக் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். டைடல் பல வருடம் எம்கியூஏ என்ற வடிவத்தைத் தூக்கிப் பிடித்தது. ஹை-ரெஸ் ஒலியைச் சிறிய கோப்புக்குள் மடித்து வைக்கிறோம் என்றார்கள், உண்மையில் அது லாஸ்லெஸே இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். 2023இல் அந்த நிறுவனம் நொடித்துப் போய் கைமாறியது. 2024இல் டைடல் அதை முழுக்கத் தூக்கிவிட்டுச் ஃப்ளாக் என்ற சாதாரண லாஸ்லெஸ் வடிவத்துக்கு வந்துவிட்டது. அதற்காகவே எம்கியூஏ முத்திரை குத்திய டிஏசி (டிஜிட்டலை ஒலியாக மாற்றும் கருவி) வாங்கியவர்கள் நம் ஊரிலும் உண்டு, பாவம். ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் அறிவித்த லாஸ்லெஸை 2025 செப்டம்பரில்தான் ஒரு வழியாக வெளியிட்டது. அதுவும் 24 பிட், 44.1 வரைதான், இந்தியாவில் மேல்தட்டு பிளாட்டினம் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். 44.1 போதுமா என்றால் போதும், ஏன் என்பது பின்னால் வரும். நான் ஆப்பிளிலேயே இருப்பதற்குக் காரணம் விலையும் தமிழ்ப் பாடல்களின் எண்ணிக்கையும்தான், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

சரி, அமைப்புக்கு வருவோம். ஹை-ரெஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். செட்டிங்ஸில் ஹை-ரெஸ்ஸைத் தட்டிவிட்டு ப்ளூடூத் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு "ஆஹா, என்ன தெளிவு" என்பார்கள். ப்ளூடூத்தில் போவது மறுபடி சுருக்கப்பட்ட ஒலி. ஏஏசி என்றால் சுமார் 256 கேபிபிஎஸ், சோனியின் எல்டாக் என்றால் அதிகபட்சம் 990. சிடி தரத்துக்கே சுருக்காத நிலையில் 1411 வேண்டும். ஆக எல்டாக்கும் லாஸ்லெஸ் இல்லை. அப்புறம் எப்படிப் பெட்டிமேல் தங்கநிறத்தில் ஹை-ரெஸ் முத்திரை இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது ஜப்பான் ஆடியோ சொசைட்டி கொடுக்கும் முத்திரை, கம்பியில்லாக் கருவிகளுக்கென்றே தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்டாக் இருந்தால் அதைத் தருகிறார்கள். கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்கு அந்த முத்திரை வேண்டுமென்றால் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும் என்பது விதி. வௌவால் வந்து பாட்டுக் கேட்டால் உபயோகப்படும்.

கம்பிக்கு வந்தால், ஐபோன் 15க்குப் பிறகு காரியம் சுலபமாகிவிட்டது. யுஎஸ்பி-சி டாங்கிளைச் செருகினால் போதும், பாட்டுக்குத் தகுந்த மாதிரி வேகத்தை, அதாவது 44.1, 96 என்ற அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்ணை, தானே மாற்றி அனுப்புகிறது. என் டாங்கிளில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு விளக்கு இருக்கிறது. 48 வரை நீலம், அதற்கு மேல் போனால் மஞ்சள். புதுசாக வாங்கிய நாட்களில் பாட்டைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், இந்தப் பைத்தியம் பிடித்த எல்லாரும் அப்படித்தான். ஆப்பிளே விற்கும் சின்ன 3.5 மில்லிமீட்டர் டாங்கிள் 24 பிட், 48 வரைதான் போகும். அதனால் கணக்குப்படி அது ஹை-ரெஸ் இல்லை. ஆனால் ஆயிரம் ரூபாய்ச் சில்லறையில் அவ்வளவு சுத்தமான ஒலி தரும் பொருள் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அளந்து பார்க்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் மட்டும் இதைச் செருகினால் பல போன்களில் சத்தம் ரொம்பக் குறைவாக வரும், அது தெரிந்த தொல்லை.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. வாட்ஸ்அப் மணியோசை, மேப் பேசுவது, பாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து 48க்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும் பழக்கம் அந்த அமைப்புக்கு ரொம்ப காலமாக உண்டு. நீங்கள் 192 என்று பார்த்துக் கேட்பது போனை விட்டு வெளியே வரும்போது 48ஆக வருகிறது. இதைத் தாண்டிப் போகச் சில செயலிகள் இருக்கின்றன, ஆனால் யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற பிரபலமான செயலியில் டைடல், கோபஸ் சேர்க்கலாம், ஆப்பிள் மியூசிக் சேர்க்க முடியாது. இதைச் சொன்னால் நண்பர்கள் சோகமாகிவிடுகிறார்கள். சோகப்பட ஒன்றும் இல்லை, 48க்கு மாற்றியதால் காதில் எந்த நஷ்டமும் விழப்போவதில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் விநோதம். ஆப்பிளின் சொந்தக் கணினி, சொந்தச் செயலி, ஆனால் பாட்டுக்கு ஏற்ப வேகம் தானாக மாறாது. ஆடியோ மிடி செட்டப் என்ற பழைய சாளரத்தைத் திறந்து நாமே கையால் 44.1, 96, 192 என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது வந்தாலும் அங்கே ஏற்கெனவே வைத்திருந்த எண்ணுக்கு மாற்றித்தான் வாசிக்கும். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எழுந்து குழாயைத் திருகுகிற வேலை. இதற்கென்றே யாரோ புண்ணியவான் இலவசச் செயலி எழுதி வைத்திருக்கிறார், போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் ஐபோனில் செய்ததை மேக்கில் செய்ய இத்தனை வருடமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதைவிட முக்கியமான ஒரு பொத்தான் டால்பி அட்மாஸ், ஒலி நம்மைச் சுற்றி வருகிற மாதிரி கேட்க வைக்கும் முறை. செட்டிங்ஸில் அது தானியங்கியாக இருந்து, உங்களிடம் ஏர்பாட்ஸ் மாதிரி ஏதாவது இருந்தால், அட்மாஸ் பதிப்பு உள்ள பாட்டுக்கெல்லாம் அட்மாஸ்தான் ஓடும். அட்மாஸ் ஸ்ட்ரீம் 768 கேபிபிஎஸ், சுருக்கப்பட்டது, லாஸ்லெஸ் இல்லை. அது வேறு மிக்ஸிங் என்பதுதான் பெரிய விஷயம். பாடகர் குரல் எங்கோ பின்வாங்கி, கோரஸ் காதுக்கு வெளியே சுற்றி, நமக்குப் பழகின பாட்டே அந்நியமாகிவிடும். "லாஸ்லெஸ் போட்டேன், ஒரேயடியாக மாறிவிட்டது" என்று குதூகலிக்கிற பலர் கேட்டது உண்மையில் அட்மாஸாக இருக்கும் என்பது என் சந்தேகம். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். புதுப் படப் பாடல் சிலவற்றில் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள், அப்போது மட்டும் போட்டுக் கேட்பேன்.

டேட்டா கணக்கு. ஆப்பிள் கொடுக்கும் எண்ணிக்கைப்படியே மூன்று நிமிடப் பாட்டு 256 கேபிபிஎஸ்ஸில் 6 எம்பி, 24/48 லாஸ்லெஸில் 36 எம்பி, 24/192 ஹை-ரெஸ்ஸில் 145 எம்பி. நம் ஊரில் பலருக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபி திட்டம். 192இல் கேட்டால் பதினான்காவது பாட்டுக்குள் அன்றைய கோட்டா காலி. தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் இறங்குவதற்குள் போய்விடும். லாஸ்லெஸ் என்றால் ஐம்பது பாட்டுக்கு மேல் தாங்கும். நல்லவேளையாக மொபைல் டேட்டா, வைஃபை, டவுன்லோடு மூன்றுக்கும் தனித்தனியாகத் தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியே போகும்போது ஏஏசியே போதும். மின்சார ரயில் சத்தத்தில் 24 பிட் கேட்கிறேன் என்பவரோடு வாதாட நான் தயாராக இல்லை.

காதுக்குத் தெரியுமா, அதைச் சொல் என்கிறீர்களா? இதில் ஆராய்ச்சிகள் உண்டு. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ போன்ற ஹை-ரெஸ் தட்டுகளின் ஒலியை நேராகவும், இடையில் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள், காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். பிறகு 2016இல் ஜோஷுவா ரீஸ் என்பவர் பதினெட்டு சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி, முன்கூட்டியே பயிற்சி கொடுத்த சோதனைகளில் மட்டும் 62 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஏதோ ஒன்று இருக்கலாம், ஆனால் அது பயிற்சி எடுத்தவர்களுக்கே தட்டுத்தடுமாறித் தெரிகிற அளவு. இரண்டு லட்சம் ரூபாய் ஆம்ப் விற்பவர் சொல்வது போல "திரை விலகிய மாதிரி" எதுவும் இல்லை.

24 பிட்டைப் பற்றியும் இதே கதைதான். 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் ஏற்ற இறக்கம் அடங்கும். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் நாற்பது, ஐம்பது டெசிபல் இரைச்சல் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் 96 டெசிபல் முழுவதையும் கேட்க வேண்டுமானால் ஜெட் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சத்தத்துக்கு ஏற்ற வேண்டும், காது போய்விடும். 24 பிட் ஸ்டூடியோவில் பதிவு செய்கிறவர்களுக்கு அவசியம், அளவு தவறினாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கும். கேட்கிறவனுக்கு ஃபேனை அணைப்பதுதான் முதல் ஹை-ரெஸ் மேம்பாடு. மே மாதத்தில் அதையும் செய்ய முடியாது.

நம்பாதவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளைப் போட்டு, எது எதுவென்று காட்டாமல் கேட்க வைக்கும் அதன் ஏபிஎக்ஸ் இணைப்பைச் சேர்த்து, ஒரே கோப்பை நீங்களே இரண்டு தரத்தில் செய்து வைத்துக்கொண்டு கேளுங்கள். 16 முறைக்கு 12 சரியாகச் சொன்னால்தான் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், ஏனென்றால் அரை டெசிபல் அதிகமாக இருப்பது எப்போதுமே "தெளிவாக" கேட்கும், ஆடியோ ஷோரூம்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்குக் குறைந்த பிட்ரேட்டில் வித்தியாசம் பிடிபடும், குறிப்பாகச் சலங்கையில். பரதநாட்டியப் பாட்டில் சலங்கை குலுங்கும் இடம், ஜால்ரா, கச்சேரி முடிவில் கைத்தட்டல், இந்த மூன்றும் சுருக்குகிற மென்பொருளுக்குப் பிடிக்காத ஒலிகள். 128க்கும் கீழே போட்டால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்காமல் ஈர மணலைத் தேய்த்த மாதிரி ஒரு பூச்சாகிவிடும். 256 ஏஏசியில் அந்தச் சலங்கையும் சரியாகிவிடுகிறது, அதற்கு மேல் நான் கண்டுபிடிப்பதாகச் சொன்னால் பொய்.

இதுவரை சொன்னது இசை உலகம் முழுவதற்கும் பொருந்தும். தமிழ்ப் பாட்டுக்கு வரும்போதுதான் கதையே வேறு. நமக்கு உண்மையான பிரச்சினை எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்பது இல்லை, எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள் என்பது.

எழுபதுகளின் கடைசி வரை தமிழ்ச் சினிமாப் பாட்டு மோனோதான். எண்பதுகளில் ஸ்டீரியோ வந்தது, எல்பி இசைத்தட்டில் ஒரு பதிப்பு, கேசட்டில் ஒரு பதிப்பு, ரெக்கார்டிங் சென்டரில் டிடிகே வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுத்து நாமே பதிந்த பதிப்பு என்று ஒரே பாட்டு ஊர் முழுக்கப் பல உருவத்தில் அலைந்தது. பிறகு சிடி. நிறுவனங்கள் கைமாறின, உரிமை வழக்குகள் நடந்தன, மூல நாடாக்கள் எங்கெங்கோ போயின. இன்று ஸ்ட்ரீமிங்கில் வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டு மூல நாடாவிலிருந்து வந்ததா, எல்பியிலிருந்தா, யாரோ வீட்டுக் கேசட்டிலிருந்தா என்று எங்கேயும் எழுதியிருக்காது. லாஸ்லெஸ் முத்திரை மட்டும் எல்லாவற்றிலும் ஜம்மென்று இருக்கும். கேசட்டிலிருந்து எடுத்ததை 24 பிட்டில் போட்டாலும் அது ஒரு இழப்பும் இல்லாத கேசட்தான்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். எண்பதுகளின் நடுவில் வந்த எஸ்.பி.பி., ஜானகி ஜோடிப்பாட்டு ஒன்று, பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் எந்த நிறுவனம் என்று தேடப் போய்விடுவீர்கள். ஆப்பிளில் அந்தப் பாட்டு படத்தின் ஆல்பத்திலும் இருக்கிறது, "காதல் பாடல்கள்", "80ஸ் ஹிட்ஸ்" வகைத் தொகுப்புகளிலும் இருக்கிறது. படத்தின் ஆல்பத்தில் நேரம் 4:30. ஒரு தொகுப்பில் 4:22. எதுவும் வெட்டப்படவில்லை, முதல் வீணை மீட்டலிலிருந்து கடைசி ஹம்மிங் வரை எல்லாம் இருக்கிறது. அப்படியானால் எட்டு நொடி எங்கே போனது? கீபோர்டை எடுத்து வைத்துச் சுருதி பார்த்தால் புரிந்துவிடும். தொகுப்பில் இருப்பது எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்குகிறது. நாடா மூன்று சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, அப்படியே டிஜிட்டலாக்கி ஏற்றிவிட்டார்கள். ஜானகியின் குரல் இன்னும் சின்னப் பெண்ணாகிவிட்டது, எஸ்.பி.பி.யின் குரலில் அந்த அடிநாதம் மெலிந்துவிட்டது. கேட்கிறவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

இன்னொரு தொகுப்பில் சுருதி சரி. ஆனால் யாரோ இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கொண்டு வெளுத்திருக்கிறார்கள். நாடா இரைச்சல் சுத்தமாக இல்லை. முதல் இடையிசையில் வயலின்கள் எல்லாம் ஒன்றாக ஏறி நின்று நிறுத்தும் இடத்தில், அந்தக் கூடத்தின் கார்வை கொஞ்சம் கொஞ்சமாக அடங்க வேண்டும், அதற்குப் பின்னால்தான் தபலா மெதுவாக நுழையும். இங்கே வயலின் நின்றவுடன் கத்தரித்த மாதிரி மௌனம். பிறகு தபலா. இடையில் இருந்த காற்று போய்விட்டது. படத்தின் ஆல்பத்தில் இருப்பதில் இரைச்சல் இருக்கிறது, "ஸ்ஸ்" என்று ஆரம்பத்திலேயே கேட்கும், ஆனால் அந்தக் கார்வையும் இருக்கிறது. மூன்றிலுமே ஒரே முத்திரை. எது நல்லது என்று சொல்ல எந்த விளக்கும் எரியாது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் பழைய பாட்டுக்கு என் ஒரே யோசனை: பாட்டின் பெயரைத் தேடி, வருகிற எல்லாத் தொகுப்புகளிலும் நேரத்தைப் பாருங்கள், ஐந்தாறு நொடி வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று தப்பான வேகத்தில் ஓடுகிறது. ஆனால் இசைத்தட்டுப் பதிப்பும் படத்தில் வரும் பதிப்பும் நீளத்தில் வேறாக இருக்கலாம், சில பாட்டுக்குப் படத்தில் ஒரு சரணமே கூட இருக்கும். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் ஆட்கள் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ், பிரமிட் நிறுவனங்கள் அந்தக் காலத்தில் போட்ட சிடிகளைத் தேடி அலைந்து, ஒரு பழைய சிடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது ஏன் என்று இப்போது புரியும். வெறும் 16 பிட், 44.1தான். ஆனால் யாரோ ஒருவர் நல்ல நாடாவை எடுத்து, சரியான வேகத்தில், கை வைக்காமல் மாற்றியிருக்கிறார். அதை 192 கிலோஹெர்ட்ஸால் தர முடியாது. நாடாவின் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையே அறுபது, எழுபது டெசிபல்தான் இருக்கும் என்பதால் 24 பிட்டுக்கு அங்கே வேலையும் இல்லை. தொண்ணூறுகளில் 16 பிட் டிஜிட்டலாகவே மாஸ்டர் (இறுதி மூலப் பிரதி) ஆன பாட்டு 24/96 முத்திரையோடு வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கோப்பு கையில் இருந்தால் எந்தக் கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம், 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கறுப்பாக இருந்தால் சிடியை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 16 கிலோஹெர்ட்ஸிலேயே கத்தி வைத்த மாதிரி நின்றால் எம்பி3யிலிருந்தே எடுத்திருக்கிறார்கள், அதைப் பற்றி என்ன சொல்ல. மேயர், மோரன் சோதனைக்கு வந்த ஒரு விமர்சனமும் இதுதான்: அவர்கள் வைத்த தட்டுகள் பலவற்றின் மூலமே ஹை-ரெஸ் இல்லை என்றார்கள். சரியான விமர்சனம். ஆனால் கடையில் விற்கிறதும் அதே தட்டுகள்தானே.

புதுப் பாடல்களில் வேறு வியாதி. 24/48இல் சுத்தமாக வருகின்றன, ஸ்டூடியோவிலிருந்து நேராக. ஆனால் மாஸ்டரிங்கில் சத்தத்தை உச்சிவரை ஏற்றி அமுக்கி, நாதஸ்வரமும் தவிலும் எலெக்ட்ரானிக் டிரம்மும் ஒரே உயரத்தில் நிற்கும். 24 பிட் கொடுத்து அதில் பத்து டெசிபல்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் செய்வது, அரண்மனை கட்டி ஒரே அறையில் குடியிருப்பது. ரஹ்மானுக்காக ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் மிக்ஸ் செய்த பாட்டுகளை இன்றைக்கும் ஹெட்ஃபோன் சோதிக்கப் போடுகிறார்கள் என்றால், அவை சிடி காலத்துப் பாட்டு என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எல்லாமே குறையா என்றால், இல்லை. கர்நாடக இசையில் சில புதிய பதிவுகள், அறைக்கச்சேரி மாதிரி ஆள் குறைவாக வைத்து எடுத்தவை, லாஸ்லெஸில் கேட்கப் பிரமாதமாக இருக்கின்றன. தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் மலர்ந்து அடங்குகிறது, மிருதங்கத்தில் வலந்தலையில் (வலப்பக்கம்) மீட்டு என்ற அடிக்கும் சாப்பு என்ற அடிக்கும் உள்ள நிற வித்தியாசம், தொப்பியில் (இடப்பக்கம்) கை தேய்க்கும் கும்கி, வயலின் வில் திரும்பும்போது வரும் மெல்லிய உரசல், பாடகர் மூச்செடுப்பது. ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனத்தின் ஜாஸ் ஆல்பங்களும் அப்படித்தான், மஞ்சள் விளக்கு எரியும், கேட்கவும் அருமை. ஆனால் அதே ஆல்பத்தை 256இல் போட்டாலும் அருமையாகவே இருக்கிறது. பதிவு செய்தவரின் கை அது, விளக்கின் நிறம் இல்லை. இத்தனை தெரிந்தும் வீட்டில் வைஃபையில் நான் லாஸ்லெஸையே வைத்திருக்கிறேன். கூடுதல் காசு இல்லை, மூலம் சுத்தமாக இருக்கிறது என்ற நிம்மதி, குறை தெரிந்தால் குற்றம் பாட்டுடையது அல்லது காதுடையது என்று தீர்த்துவிடலாம்.

கருவியில் காசு போட நினைப்பவர்களுக்கு: முதல் மூவாயிரம், ஐயாயிரம் ரூபாயைக் கம்பி வைத்த ஐஇஎம்மில் (காதுக்குள் செருகும் இயர்போன்) போடுங்கள். இப்போது சீனக் கம்பெனிகள் அந்த விலையில் தருவது பத்து வருடத்துக்கு முன்னால் இருபதாயிரத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை. காதுக்குப் பொருந்தும் டிப்ஸ் (முனையில் மாட்டும் ரப்பர்) தேடிப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாக அடைக்காவிட்டால் பேஸ் முழுக்க வெளியே போய்விடும், இது 44.1க்கும் 192க்கும் உள்ள வித்தியாசத்தைவிட நூறு மடங்கு பெரிய வித்தியாசம். பிறகு டாங்கிள். கேபிளில் காசு போடாதீர்கள். சென்னையில் ஒரு கடையில் எனக்கு "ஹை-ரெஸ் கேபிள்" என்று பின்னல் துணி சுற்றிய ஒன்றை நாலாயிரத்துக்குத் தள்ளிவிட்டார்கள், ரிட்சி தெருவில் இருநூறுக்கு வாங்கியதற்கும் அதற்கும் நிறம்தான் வேறு. திருப்பிக் கொடுக்கப் போனபோது "கொஞ்ச நாள் ஓட்டுங்க சார், பழகினதும் திறக்கும்" என்றார் கடைக்காரர்.

செட்டிங்ஸ் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: வைஃபையிலும் டவுன்லோடிலும் லாஸ்லெஸ் 24/48, மொபைல் டேட்டாவில் ஏஏசி, அட்மாஸ் அணைப்பு, எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் சவுண்ட் செக் ஆன். சவுண்ட் செக் போட்டால் ஒலி பிட்டுக்குப் பிட்டு அப்படியே வராது என்று சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய மோனோப் பாட்டிலிருந்து புதுக் குத்துப்பாட்டுக்குத் தாவும்போது காது கிழியாமல் இருப்பது எனக்கு முக்கியம். ஈக்வலைசர் அணைப்பு. கிராஸ்ஃபேடும் அணைப்பு, இல்லையென்றால் கச்சேரி ஆல்பத்தில் ஆலாபனை முடிவதற்குள் கிருதி வந்து ஏறிக்கொள்ளும்.